உருவம் ஒன்று, இனம் இரண்டு

"குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். திண்ணைச் சுவரில் மண்கூடு கட்டும் குளவி, எங்கிருந்தோ பச்சைப் புழு ஒன்றைத் தூக்கி வருகிறது; கூட்டினுள் வைத்து வாயை அடைத்துவிட்டுப் பறந்துவிடுகிறது. சில நாட்களுக்குப் பின் அக்கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவது புழு அன்று, குளவி! பார்த்தவர் என்ன நினைப்பர்? புழுவே குளவியாயிற்று என்றுதான் நினைப்பர். ஆனால் உள்ளே நடந்த கதை வேறு. தாய்க்குளவி அக்கூட்டினுள் ஒரு முட்டையும் இட்டிருந்தது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு, கொட்டுப்பட்டுச் செயலற்றுக் கிடந்த புழுவைத் தின்று வளர்ந்து, குளவியாகி வெளிவந்தது.

இதில் கண் பொய் சொல்லவில்லை. கண் கண்டதைக்கொண்டு நாம் செய்த முடிவே பிழையாயிற்று. குளவிகளை ஆராய்வோர் இன்றும் இத்தகைய மயக்கத்தோடுதான் போராடி வருகின்றனர். இரு குளவிகள் ஒன்றே போல் தோன்றினால் அவை ஓர் இனந்தானா? 'ஆம்' என்று கண் சொல்லும். கண்ணின் சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதினால் என்ன நேரும், வேறு எந்தச் சாட்சிகளை அழைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். நான் இத்துறையில் இன்னும் மாணவன். ஆனால் இம்மயக்கத்தில் ஒருமுறை விழுந்து எழுந்தவன். அந்த அனுபவத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முட்டைக்குள் வாழும் குளவி

பேனும் உண்ணியும் ஒட்டுண்ணிகள். தாம் ஒட்டியிருக்கும் உயிரை உறிஞ்சினும் பொதுவாக அதைக் கொல்வதில்லை. நான் சொல்ல வந்த குளவிகள் அப்படியல்ல. மற்றொரு பூச்சியின் உடலிலோ முட்டையிலோ வளர்ந்து, அதனை இறுதியில் கொன்றே வெளிவருவன. இவற்றுள் மிகச் சிறியனவற்றில் ஒன்று டிரைக்கோகிரம்மா என்னும் பேரினம். இதன் நீளம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். வெள்ளைத் தாளின் மீது விட்டால், இந்தப் பக்கத்தில் அச்சாகியுள்ள ஒரு புள்ளி எழுந்து நடப்பது போல் இருக்கும். அந்துப்பூச்சிகளின் முட்டைக்குள் இது தன் முட்டையை இடுகிறது. சில நாட்களில் அந்த முட்டை கறுத்துவிடும். அறையின் வெம்மை 27 பாகை அளவில் இருந்தால், ஏறத்தாழ 8 நாட்களில் அம்முட்டையிலிருந்து புழுவுக்கு மாறாகக் குளவி வெளிப்படும். புழு பிறந்தால்தானே பயிரைத் தின்னும்? பிறக்கும் முன்பே அதன் கதை முடிந்துவிடுகிறது.

ஊரில் கரும்புத் தோட்டம் உள்ள நண்பர்கள் இதைக் கையில் பிடித்தே இருப்பர். நெல் அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றில் இக்குளவியை முட்டையிடச் செய்து, 'ஒட்டுண்ணி அட்டை' என்று உழவர்களுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு சி.சி. அளவுள்ள அட்டையில் ஏறத்தாழ 18,000 முதல் 20,000 முட்டைகள் இருக்கும். அட்டையைத் துண்டுகளாக வெட்டிக் கரும்புத் தோகையில் கட்டிவிடுவர். இடைக்கணுப் புழுவை ஒடுக்க டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்னும் சிற்றினத்தையும், நெல்லின் குருத்துப் பூச்சியை ஒடுக்க டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்னும் சிற்றினத்தையும் பயன்படுத்துகின்றனர். இப்பேரினத்தில் 200க்கு மேற்பட்ட சிற்றினங்கள் உலகெங்கும் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றை வெறுங்கண்ணாலோ சாதாரண உருப்பெருக்கியாலோ பிரித்தறிதல் இயலாது.

'பிரித்தறியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? புழுவைக் கொல்கிறதா இல்லையா என்பதுதானே கேள்வி?' என்று நண்பர் ஒருவர் விடுதியில் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு விடையாகக் கலிபோர்னியாவின் கதையைச் சொன்னேன்.

ஒரு பெயர் மயக்கத்தின் விலை

கலிபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அலைக்கழித்தது சிவப்புச் செதில் பூச்சி. இதன் மேல் வாழும் அஃபைட்டிஸ் என்னும் மஞ்சள் நிறச் சிறு குளவிகளுள் கிரிசோம்ஃபாலி என்ற சிற்றினம் அங்கே முன்பே இருந்தது. ஆனால் அதனால் செதில் பூச்சியை அடக்க இயலவில்லை. ஆகவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறு குளவிகளைத் தேடி ஆசிய நாடுகளுக்கு ஆள் அனுப்பினர். அங்கும் செதில் பூச்சியின் மேல் அஃபைட்டிஸ் குளவிகள் கிடைத்தன. ஆனால் பார்த்தவர்களுக்கு அவை கிரிசோம்ஃபாலியைப் போலவே தோன்றின. 'இதுதான் நம்மிடம் இருக்கிறதே! இதை ஏன் கப்பலேற்ற வேண்டும்?' என்று விட்டுவிட்டனர்.

இந்த ஒரு முடிவு, பயனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தள்ளிப்போட்டது. 1947-48இல்தான் தென் சீனாவிலிருந்து லிங்னானென்சிஸ் என்னும் சிற்றினம் அங்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு முறையான பெயர் கிடைத்ததோ 1955இல். பின்னர் 1956-57இல் வட இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் பால் டிபாக் என்னும் அறிஞர் மற்றோர் அஃபைட்டிஸைக் கொண்டு சென்றார். அதுவும் முன்னவற்றைப் போன்ற மஞ்சள் குளவியே. 1959இல் அதற்கு மெலினஸ் என்று அவரே பெயரிட்டார். உள்நாட்டின் வெம்மை மிகுந்த பகுதிகளில் முன்னவை இரண்டும் செய்யாத வேலையை மெலினஸ் செய்தது. அவற்றை அப்பகுதிகளிலிருந்து அகற்றியும் விட்டது. இன்றும் சிவப்புச் செதில் பூச்சிக்கெனப் பெருமளவில் வளர்த்து விடப்படுவது மெலினஸே. நம் நாட்டு மரங்களில் யாரும் பொருட்படுத்தாமல் இருந்த குளவி அது!

மூன்றும் மஞ்சள், மூன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், மூன்றும் ஒரே செதில் பூச்சியைத் தாக்குவன. எனினும் வெம்மையைத் தாங்கும் ஆற்றல் வேறு. பெருகும் வேகம் வேறு. உருவத்தில் ஒளிந்துகொண்ட இவ்வேறுபாடு வயலில் வெளிப்பட்டுவிட்டது. பெயர் என்பது ஏட்டில் ஒட்டும் சீட்டு அன்று. ஓர் உயிரின் குணங்களையெல்லாம் கட்டிவைத்த முடிச்சு. முடிச்சு மாறினால் குணங்களும் மாறிவிடும்.

புற உருவம் ஏன் ஏமாற்றுகிறது?

டிரைக்கோகிரம்மாவுக்குத் திரும்புவோம். ஒரு பூச்சியை அடையாளம் காண்பவர் முதலில் நிறத்தைப் பார்ப்பார். பிறகு அளவு, சிறகு, உணர்கொம்பு என்று போவார். இக்குளவியில் நிறத்தை நம்ப முடியாது. குளிரில் வளர்த்தால் கறுத்தும், வெம்மையில் வளர்த்தால் வெளிறியும் பிறக்கும். தாய் ஒன்றே, பிள்ளைகளின் நிறம் மட்டும் பருவத்துக்குப் பருவம் மாறும். அளவையும் நம்ப முடியாது. பெரிய முட்டையில் வளர்ந்தது பெரிதாகவும், சிறிய முட்டையில் வளர்ந்தது சிறிதாகவும் இருக்கும்.

சிறகையாவது நம்பலாமா? செம்ப்ளிடிஸ் என்னும் சிற்றினத்தை ஆராய்ந்த ஜார்ஜ் சால்ட் 1937இல் ஒரு வியப்பைக் காட்டினார். அந்துப்பூச்சி முட்டையில் வளர்ந்த ஆண்களுக்குச் சிறகு இருந்தது. நீரோரம் வாழும் சயாலிஸ் என்னும் பூச்சியின் முட்டையில் வளர்ந்த ஆண்களுக்கோ சிறகே இல்லை! இவ்விரு வகை ஆண்களையும் தனித்தனியே பிடித்தவர், இரண்டு சிற்றினங்கள் என்று சத்தியம் செய்திருப்பார். ஆக, இங்கே இருமுனைக் கத்தி உள்ளது. வெவ்வேறு இனங்கள் ஒன்றுபோல் தோன்றுகின்றன. ஓரினமே வெவ்வேறாகவும் தோன்றுகிறது.

இதனால் விளைந்த குழப்பம் கொஞ்சநஞ்சமன்று. பல்லாண்டுகளாக உலகின் பல நாடுகளிலும் கண்ட டிரைக்கோகிரம்மாவையெல்லாம் 'எவனெசன்ஸ்' என்றும் 'மினுட்டம்' என்றும் எழுதிவந்தனர். நம் நாட்டுக் குளவியும் இப்பெயர்களைச் சுமந்தது. பின்னர் 'ஆஸ்திரேலிக்கம்' என்றாயிற்று. எந்நாட்டில் எவர் எந்தக் குளவியை வளர்த்துச் சோதித்தார் என்பதே தெரியாத நிலையில், ஒருவருடைய முடிவை மற்றொருவர் எப்படிப் பயன்படுத்துவது?

பெங்களூரில் கிடைத்த திறவுகோல்

இம்முடிச்சை அவிழ்த்த இடம் நம் நாட்டிலேயே உள்ளது. காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் இந்திய நிலையம் அக்காலத்தில் பெங்களூரில் இயங்கியது. அங்குப் பணியாற்றிய சுதா நாகர்கட்டி, எச். நாகராஜா ஆகிய இருவரும் ஆஸ்திரேலிக்கம், எவனெசன்ஸ், மினுட்டம் என்று வழங்கிய மூன்றையும் தம்முள் கலக்கச் செய்து, 1968இல் முடிவுகளை வெளியிட்டனர். அம்மூன்றும் ஒன்றல்ல என்பது தெளிவாயிற்று. பின்பு 1971இல், ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பே சிற்றினத்தை அறியத் தக்க அடையாளம் என்பதை விரிவாகப் படங்களுடன் காட்டினர். அதன்பின் இக்குளவிகளைப் பற்றி எழுதும் எவரும் அந்த உறுப்பின் படமின்றி எழுதத் துணிவதில்லை.

அந்த உறுப்பின் சிறப்பு என்ன? நிறம் போலவும் அளவு போலவும் அது வெம்மைக்கும் உணவுக்கும் ஏற்ப எளிதில் மாறுவதில்லை. கடினமான புறத்தோலால் ஆனது. மேற்புறத்தில் கவிகை போல் விரிந்த ஒரு தகடு; அதன் ஓரங்களில் மடல்கள்; அடியில் நடுவே நீட்டிய கூர்முனை; இரு பக்கமும் இடுக்கி போன்ற பகுதிகள். தகடு முக்கோணமா, அகன்றதா, அதன் மடல் எவ்வளவு வளைந்தது, கூர்முனை எதுவரை எட்டுகிறது என்பவற்றையெல்லாம் ஒப்பிட்டுச் சிற்றினத்தைத் தீர்மானிக்கின்றனர். செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். குளவியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டுத் தசையைக் கரைத்து, கழுவி, கண்ணாடித் தகட்டின் மேல் பசைத்துளியில் மல்லாத்தியோ கவிழ்த்தோ நேராகக் கிடத்தி, மேலே மெல்லிய மூடியிட்டு, நுண்ணோக்கியின் உயர்ந்த ஆற்றலில் நோக்க வேண்டும். சற்றே சாய்ந்து கிடந்தாலும் தகட்டின் வடிவம் மாறித் தெரியும். என் முதல் இருபது தகடுகளில் பாதி இதனாலேயே வீணாயின.

பெயர்க் குழப்பமும் ஒருவாறு தீர்ந்தது. நம் நாட்டில் 'ஆஸ்திரேலிக்கம்' என்று வழங்கியதற்கு 1976இல் இத்தாலிய அறிஞர் விஜ்ஜியானி 'கன்ஃப்யூசம்' என்று பெயரிட்டார். 'குழப்பமுற்றது' என்பதே அதன் பொருள், எவ்வளவு பொருத்தம்! ஆனால் அதுவும், 1941இல் ஜப்பானில் இஷீ என்பவர் பெயரிட்ட கைலோனிஸும் ஒன்றே என்பதை நாகர்கட்டியும் நாகராஜாவும் 1979இல் காட்டினர். மூத்த பெயரே நிலைக்கும் என்பது விலங்கியல் பெயரீட்டு விதி. எனவே கைலோனிஸ் நிலைத்தது.

என் குழாயில் நடந்தது

இவற்றையெல்லாம் நான் பாடமாகப் படித்திருந்தேன். படித்தது வேறு, செய்தது வேறு. முதுகலை இரண்டாம் ஆண்டு ஆய்வுக்காக, வயலோரத்து ஆமணக்கு இலைகளில் இருந்த அந்துப்பூச்சி முட்டைகளைத் திரட்டி வந்தேன். கறுத்த முட்டைகளை எல்லாம் ஒரே குழாயில் போட்டேன். வெளிவந்த குளவிகள் அனைத்தும் ஒன்றுபோல் இருந்தன. நுண்ணோக்கியின் கீழ் ஒரே ஓர் ஆணை வைத்துப் பார்த்தேன். கைலோனிஸ்! மகிழ்ச்சியோடு சீட்டு எழுதி ஒட்டினேன். வெவ்வேறு வெம்மையில் ஒரு பெண் எத்தனை முட்டைகளைத் தாக்குகிறது என்று எண்ணத் தொடங்கினேன். ஏழு வாரம் எண்ணினேன். எண்கள் தாறுமாறாக வந்தன. ஒரே வெம்மையில் ஒரு பெண் 60 முட்டைகளைத் தாக்கினால், பக்கத்துக் குழாயில் இருப்பது 20ஐத் தாண்டவில்லை. என் கையின் பிழை என்று எண்ணி, இரவெல்லாம் விழித்து மீண்டும் எண்ணினேன்.

பேராசிரியர் என் ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். எண்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எத்தனை ஆண்களைப் பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒன்று, ஐயா" என்றேன்.

"ஊரில் ஒருவனைப் பார்த்துவிட்டு ஊரையே எழுதிவிட்டாயே!" என்றார்.

அன்று மாலையே பத்து ஆண்களைத் தகட்டில் ஏற்றினேன். ஏழு ஆண்களில் கவிகைத் தகடு ஒரு வடிவம். மூன்றில் மற்றொரு வடிவம். படங்களோடு ஒப்பிட்டபோது அந்த மூன்றும் டிரைக்கோகிரம்மா அக்கையே என்று தெரிந்தது. நாகராஜாவும் நாகர்கட்டியும் நம் நாட்டுக் குளவியைக்கொண்டே பெயரிட்ட சிற்றினம் அது. ஸ்பெயின் நாட்டில் தக்காளியைத் துளைக்கும் டூட்டா என்னும் அந்துப்பூச்சிக்கு எதிராக இன்று வாணிக முறையில் வளர்க்கப்படுவதும் அதுவே. உலகம் விலை கொடுத்து வாங்கும் குளவி என் குழாயில் பெயரின்றி இருந்திருக்கிறது. நான் அதன் எண்களை மற்றொன்றின் கணக்கில் எழுதியிருக்கிறேன்!

ஏழு வாரக் கணக்கும் குப்பைக்குப் போயிற்று. திரும்பத் தொடங்கியபோது, ஒரு குழாய்க்கு ஒரே ஒரு தாய் என்று வைத்தேன். ஒவ்வொரு தாயின் பிள்ளைகளிலும் சில ஆண்களைத் தகட்டில் ஏற்றிப் பெயர் உறுதி செய்த பிறகே எண்ணத் தொடங்கினேன்.

தந்தை இல்லாத மகன்

உடற்கூறும் கைவிடும் இடங்கள் உண்டு. அமெரிக்காவின் மினுட்டம், பிளாட்னெரி என்னும் இரு சிற்றினங்களின் ஆண் உறுப்புகளில் நம்பத்தகுந்த வேறுபாடே இல்லை. பின்னதற்கு 1975இல் பெயரிட்டவரும் சுதா நாகர்கட்டியே. உறுப்பில் வேறுபாடு இல்லாதபோது, இரண்டு என்று எப்படிச் சொல்வது? கலப்புச் சோதனையால்தான்.

இதனை விளங்கிக்கொள்ள ஒரு விடுகதை. 'அவனுக்குத் தந்தை இல்லை. ஆனால் தாய்வழிப் பாட்டன் உண்டு. அவன் யார்?' விடை: ஆண் குளவி. தேனீ, எறும்பு, குளவி ஆகியவற்றில் கருவுற்ற முட்டை பெண்ணாகிறது. கருவுறாத முட்டை வீணாகாமல் ஆணாகிறது. பெண்ணுக்கு இரண்டு குரோமோசோம் தொகுதிகள், ஆணுக்கு ஒன்றே. எனவே மகனுடைய மரபணுக்கள் அனைத்தும் தாயிடமிருந்தே வருவன. மகளிடம் மட்டுமே தந்தையின் பங்கு உண்டு.

இப்போது இரண்டு ஊர்க் குளவிகள் ஓரினமா என்று அறிய வேண்டும். ஓர் ஊரின் கன்னிப் பெண்ணை மற்ற ஊரின் ஆணோடு விட வேண்டும். பிள்ளைகளில் மகள்கள் பிறந்தால் கருவுறுதல் நிகழ்ந்தது. மகன்களே பிறந்தால் நிகழவில்லை, அல்லது கருவுற்ற முட்டைகள் மடிந்தன. சோதனையின் விடையைப் பிள்ளைகளின் பாலே சொல்லிவிடுகிறது. இதை இருபுறமும் மாற்றிச் செய்ய வேண்டும். ஓரூர்ப் பெண்ணையும் அவ்வூர் ஆணையும் சேர்த்து ஒப்பீட்டுக்கும் வைக்க வேண்டும். மகள்கள் பிறந்தால், அம்மகள்களுக்கும் பிள்ளை பிறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதில் கடினம், கன்னிப் பெண்ணைப் பெறுவதே. இக்குளவியில் ஆண்கள் முதலில் வெளிவந்து, உடன்பிறந்த பெண்களுக்காக அங்கேயே காத்திருக்கும். ஆகவே கறுத்த முட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனித்தனிச் சிறு குழாயில் இட்டு வைக்க வேண்டும்.

மினுட்டமும் பிளாட்னெரியும் கூடினாலும் கலப்பு மகள்கள் பிறப்பதில்லை. வயலில் இதன் பொருள் என்ன? பிளாட்னெரி வாழும் தோட்டத்தில், 'இரண்டும் ஒன்றுதானே' என்று மினுட்டத்தைக் கொண்டுபோய்ப் பெருவாரியாக விட்டால், உள்ளூர்ப் பெண்கள் வேற்றினத்து ஆண்களோடு கூடி மகன்களையே பெறுவர். முட்டையைத் தேடிக் கொல்வது பெண் குளவி மட்டுமே. ஆக, உதவி செய்யப் போனவர் உள்ளூர்க் காவலையும் குலைத்துவிடுவார். விடுதி நண்பரின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

நடுவே புகுந்த மூன்றாம் ஆள்

கலப்புச் சோதனையே இறுதித் தீர்ப்பா? அதிலும் ஒரு கண்ணி உண்டு. வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா பூச்சிகளின் உயிரணுக்களுக்குள் வாழ்வது; தாயின் முட்டை வழியே பிள்ளைகளுக்குச் செல்வது. இது குளவிகளின் பிள்ளைப்பேற்றையே தன் விருப்பத்துக்கு வளைக்கிறது.

ஈக்களின் கூட்டுப்புழுவில் வாழும் நாசோனியா என்னும் குளவிகளைப் பாருங்கள். விட்ரிபென்னிஸ் என்ற ஒரு சிற்றினமே நெடுங்காலம் அறியப்பட்டிருந்தது. 1990இல் ஜிரால்டி, லாங்கிகார்னிஸ் என்ற இரண்டையும் பிரித்துப் பெயரிட்டனர். விட்ரிபென்னிஸும் ஜிரால்டியும் கூடினால் கலப்பு மகள்கள் பிறப்பதில்லை. ஆனால் அதே 1990இல் பிரீவரும் வெரனும் ஒன்றைக் காட்டினர்: நுண்ணுயிர்களை ஒழிக்கும் மருந்து கொடுத்து அந்தப் பாக்டீரியாவை நீக்கிவிட்டால் கலப்பு மகள்கள் பிறக்கின்றனர்! கலப்பைத் தடுத்தது குளவியின் மரபு மட்டுமன்று. உள்ளே குடியிருந்த பாக்டீரியாவும்தான். அதனால் இவை ஓரினம் என்றாகிவிடுமா? இல்லை. அம்மகள்களுக்குப் பிறக்கும் மகன்களில் பெரும்பகுதி வளராமலே மடிகிறது. முதல் தலைமுறையில் மறைந்திருந்த பிளவு இரண்டாம் தலைமுறையில் தெரிகிறது.

டிரைக்கோகிரம்மாவில் இந்தப் பாக்டீரியா எதிர்த்திசையில் ஏமாற்றுகிறது. சில வளர்ப்புகளில் ஆணே இல்லாமல் தாயிடமிருந்து மகள்களே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வந்தனர். ஸ்டவுத்தாமரும் தோழர்களும் அவற்றுக்கு மருந்து கலந்த தேனைக் கொடுத்தபோது மகன்கள் பிறந்தனர். இதையும் 1990இலேயே வெளியிட்டனர். இப்படிப்பட்ட தாயைக் கலப்புச் சோதனையில் வைத்தால் தந்தையின் பங்கின்றியே மகள்கள் பிறப்பர். சோதிப்பவரோ 'கருவுற்றது, ஓரினமே' என்று எழுதிவிடுவார். ஆகவே மகள்கள் பிறந்தால் மட்டும் போதாது. அவர்களிடம் தந்தையின் மரபணு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெண்களே உள்ள வளர்ப்பில் ஆண் உறுப்பைக் கொண்டு பெயரிடும் வழியும் அடைபட்டுவிடும் என்பதையும் கவனியுங்கள்.

மரபணு தரும் சாட்சி

இங்கேதான் டி.என்.ஏ. கை கொடுக்கிறது. ஆண், பெண், கூட்டுப்புழு எதுவாயினும், ஒரே குளவியிலிருந்து ஒரு துண்டு டி.என்.ஏ.யைப் பெருக்கி அதன் எழுத்து வரிசையைப் படிக்கலாம். இத்துறையில் மிகுதியும் பயன்படுவன இரண்டு. ஒன்று 'ஐ.டி.எஸ்.-2' எனப்படும் பகுதி. உயிரணுவில் புரதம் ஆக்கும் ரைபோசோமின் மரபணுக்களுக்கிடையே உள்ள இடைவெளி அது. இவ்விடைவெளி ஒவ்வோர் உயிரணுவிலும் பல படிகளாக இருப்பதால், புள்ளியளவுக் குளவியிலிருந்தும் எளிதில் கிடைக்கும். சிற்றினத்துக்குச் சிற்றினம் அதன் நீளமும் வரிசையும் வேறுபடும். 1999இல் ஸ்டவுத்தாமர் குழுவினர் டிரைக்கோகிரம்மாவுக்கு இம்முறையை வகுத்தனர். இன்று பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனத்தில் குளவிகளை இவ்வாறும் ஆராய்கின்றனர்.

மற்றொன்று மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள 'சி.ஓ.ஐ.' மரபணு. கடைப்பொருளின் பட்டைக்குறி போல் இதன் ஒரு பகுதியைக் கொண்டு உயிரினங்களை அறியலாம் என்று கனடாவின் பால் ஹெபர்ட்டும் தோழர்களும் 2003இல் முன்மொழிந்தனர். கோஸ்டாரிக்காவின் காடுகளில் புழுக்களிலிருந்து வளர்த்தெடுத்த 2,597 குளவிகளை இவ்வாறு சோதித்து 2008இல் வெளியிட்டனர். புறவுருவம் 171 சிற்றினங்களைக் காட்டியது. பட்டைக்குறி மேலும் 142ஐக் காட்டியது. பல வகைப் புழுக்களைத் தாக்கும் ஒரு குளவி என்று எண்ணப்பட்டவை, தத்தமக்குரிய ஒன்றிரண்டு புழுக்களையே தாக்கும் பல குளவிகளாகப் பிரிந்தன.

அப்படியானால் கண்ணாடித் தகட்டையும் நுண்ணோக்கியையும் மூட்டை கட்டிவிடலாமா? முடியாது. மைட்டோகாண்ட்ரியாவும் வோல்பாக்கியாவும் தாய்வழியே சேர்ந்து பயணம் செய்வன. பாக்டீரியா ஒரு கூட்டத்தில் பரவினால், அதனோடு ஒட்டிய மைட்டோகாண்ட்ரியாவும் பரவி, உண்மையான உறவை மறைத்துவிடும். மேலும் ஐ.டி.எஸ்.-2 எங்கும் பிரித்துக் காட்டும் என்பதும் இல்லை. மினுட்டத்தையும் பிளாட்னெரியையும் பிரிக்க அது உதவவில்லை. ஒரு நொதியின் வேறுபாடே உதவியது. இவையெல்லாவற்றுக்கும் மேலாக மற்றொன்று: டி.என்.ஏ. வரிசையில் பெயர் எழுதியிருப்பதில்லை. என் குழாயிலிருந்து ஒரு குளவியை எடுத்து வரிசையைப் படித்து, சீட்டில் இருந்த 'கைலோனிஸ்' என்ற பெயரோடு பொதுக் களஞ்சியத்தில் சேர்த்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருபவர் அனைவரும் அக்கையேவைக் கைலோனிஸ் என்றே வாசிப்பர். என் பிழை ஏழு வாரத்தோடு போகாமல் ஏழு தலைமுறைக்கும் நின்றிருக்கும். சிற்றினத்தின் பெயர், அருங்காட்சியகத்தில் உள்ள மூலமாதிரி உடலோடு கட்டப்பட்டது. அந்த உடலின் உறுப்பைப் பார்த்தவர் சொன்னால்தான் வரிசைக்குப் பெயர் உண்டு.

சாட்சிகள் ஒத்துப்போக வேண்டும்

வழக்கு மன்றத்தில் சாட்சிகள் பலர் இருந்தால், அவர்கள் சொல்வதை ஒப்பிட்டுப் பார்ப்பர். இங்கும் அப்படியே. புறவுருவம் முதல் சாட்சி. நிறத்தாலும் அளவாலும் அது தடுமாறும். ஆண் உறுப்பு இரண்டாம் சாட்சி. உறுதியானது, ஆனால் சில இனங்களில் ஊமையாகிவிடும். கலப்பு மூன்றாம் சாட்சி. அதனைப் பாக்டீரியா கலைத்துவிடலாம். மரபணு நான்காம் சாட்சி. விரைந்து பேசும், ஆனால் பெயர் தெரியாது. குளவி எந்த முட்டையில், எந்தச் செடியில், எந்த ஊரில் கிடைத்தது என்ற குறிப்பு ஐந்தாம் சாட்சி. இவை ஒத்துப்போகும் இடத்தில் துணிந்து பெயரிடலாம். முரண்படும் இடத்தில் பெயரிடாமல் காத்திருக்க வேண்டும். முரண்பாடே பெரும்பாலும் புதிய உண்மையின் வாயிலாக இருக்கிறது.

இத்துறையில் இறங்க விரும்பும் தம்பி தங்கையருக்கு என் அனுபவத்திலிருந்து நான்கு சொற்கள். ஒரு குழாய்க்கு ஒரு தாய் போதும். ஒரு வளர்ப்புக்கு ஓர் ஆண் போதாது. குறைந்தது பத்தைப் பாருங்கள். பார்த்த தகடுகளை எறியாதீர்கள். உடன்பிறந்த குளவிகள் சிலவற்றைத் தூய எத்தனாலில் இட்டுக் குளிரில் வையுங்கள். சீட்டில் ஊர், நாள், செடி, முட்டை நான்கையும் அன்றே எழுதுங்கள்; நாளை எழுதலாம் என்றால் நாளை மறந்துவிடும்.

என் பழைய குழாயில் ஒட்டிய சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். 'கைலோனிஸ்' என்று அழகாக எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன். அதை நுண்ணோக்கியின் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. எங்கோ ஒரு கரும்புத் தோட்டத்தில், தன் கையில் இருப்பது எந்தக் குளவி என்று கேட்க வழியில்லாத உழவர் ஒருவர் அட்டையைத் தோகையில் கட்டிக்கொண்டிருப்பார். அதன் மேல் எழுதிய பெயரை அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கைக்கு உரிய முறையில் எழுத வேண்டியவர்கள், நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருக்கும் நாமே.